புள்ளிக் கெளிறும் பெயர் மயக்கமும்

ஒருபொருட் பன்மொழியும் பல்பொருள் ஒருமொழியும் மொழியின் இயல்புகள். நிகண்டு செய்தார் இவ்விரண்டனையும் தனித்தனித் தொகுதிகளாகப் பகுத்து வைத்தனர். இளங்கலை மாணவர்க்கு இதனைக் கற்பிக்கும்போது 'மா' என்னும் சொல்லை எடுத்துக்காட்டுதல் ஆசிரியர் வழக்கம். மா என்பது மரமுமாகும், விலங்குமாகும், குதிரையுமாகும், நில அளவுமாகும். இடம் நோக்கிப் பொருள் கொள்க என்று கூறி அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். செய்யுளில் இம்மயக்கத்தால் எவர்க்கும் ஊறில்லை. உயிருள்ள ஒன்றின் பெயர் மயங்கினால் வரும் ஊறு எத்தகையது என்பதனைச் சில ஆண்டுகளாக எம் இல்லத்துக் கண்ணாடித் தொட்டி எமக்குக் காட்டி வருகிறது. அதுபற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். தமிழ்த்துறை மலரில் மீனுக்கென்ன வேலை என்று வினவுவார் ஐங்குறுநூற்றைப் புரட்டிப் பார்ப்பாராக.

அந்நூலின் நெய்தற் பகுதியில், சிறுவெண்காக்கை கழியில் திரியும் கெடிற்று மீனை உண்ணும் காட்சி வருகிறது. கெடிறு என்பதே கெளிறு எனவும் வழங்கும். தென்காசிச் சந்தையில் அதனைக் கெளுத்தி என்பர். செதிலின்றி வழவழத்த உடல், வாயைச் சுற்றி மீசை, முதுகிலும் இருமார்பிலும் முள் ஆகியன அதன் அடையாளம். கையிற் குத்தினால் அன்று முழுதும் கடுக்கும். சிற்றாற்றில் கால் நனைத்து வளர்ந்த எவர்க்கும் இதனை விளக்க வேண்டுவதில்லை.

இக்கெளிற்றின் பெயர் கடல் கடந்து சென்ற வரலாறு சுவையுடையது. 1794-இல் பெர்லின் நகரத்து மருத்துவரும் மீனியல் அறிஞருமான புளோக், தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த கோடுடைக் கெளுத்தி ஒன்றிற்கு 'விட்டாட்டஸ்' எனப் பெயரிட்டார். வரிகளை உடையது என்பது பொருள். 1840-இல் பிரெஞ்சு அறிஞர் வாலென்சியன் மற்றொரு கெளுத்திக்கு வைத்த பெயர் 'கெலெட்டியஸ்'. நம் கெளுத்திதான் அங்கு இலத்தீன் உடை உடுத்து நிற்கிறது! உலகெங்கும் மீனியலார் நாவில் இத்தமிழ்ச் சொல் புழங்குகிறது என்பதனை நம் மாணவர் பலரும் அறியார்.

கெளுத்தி எனப் பொதுப்பெயரால் நாம் அழைக்கும் இவை ஓரினமல்ல. முதுகுத் துடுப்பிற்கும் வாலிற்கும் இடையே முள்ளும் எலும்பும் இல்லாத சிறு சதைத் துடுப்பொன்று இருக்கும். கொழுப்புத் துடுப்பு என்பர். கோடுடைக் கெளுத்தியில் இது குட்டையாய், முதுகுத் துடுப்பினின்றும் விலகி நிற்கும். 'கவாசியஸ்' என்னும் இனத்தில் இதுவே நீண்டு, முதுகுத் துடுப்பின் அடியிலிருந்தே தொடங்கிவிடும்; மீசையும் வால்வரை நீளும். ஒரே கூடையிற் கிடக்கும் இரண்டையும் பிரித்தறிய இந்த ஓரிடத்தை நோக்கினாற் போதும். உடல் முழுதும் நோக்கி மயங்குவதினும், நோக்க வேண்டிய இடத்தை அறிந்து நோக்குதல் எளிது. எழுத்து மயங்கிய ஏட்டுச்சுவடியைப் படிப்பார் கையாளும் முறையும் இதுவே அன்றோ?

இனி எம் தொட்டிக்கு வருவோம். எம் மூத்த மகன் சென்னையில் பொறியியல் பயின்ற காலத்தில் கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குச் சென்று பழகியவன். விடுமுறை ஒன்றில், நெகிழிப் பையில் காற்றடைத்துக் கட்டிய ஆறு சிறு மீன்களுடன் பொதிகை வண்டியில் வந்திறங்கினான். சுண்டுவிரல் நீளம், வெள்ளி நிறம், மேனியெல்லாம் கரும்புள்ளி, முதுகுத் துடுப்பின் நுனியில் மை தொட்டு வைத்தாற்போல ஒரு கறை. விடுமுறை முடிந்ததும் அவன் சென்றான்; மீன்கள் நின்றன. அவற்றைப் பேணும் பொறுப்பு எம்மேல் வீழ்ந்தது. கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டில் 'ஜூலி கோரி' என்றிருந்தது. எம் உம்மா அதனைக் கேட்டுவிட்டு, "ஏன் வாப்பா, மீசை வச்ச மீனுக்கா ஜூலின்னு பேரு?" என்றார். இலத்தீனில் அது ஜூலியஸ் என்னும் ஆண்பெயரின் வேற்றுமை வடிவம் என்று விளக்கினோம். "அப்படின்னா சரி" என்று அமைதியுற்றார்.

உம்மா அமைதியுற்றாலும் யாம் அமைதியுறவில்லை. கல்லூரி விலங்கியல் துறையில் பணியாற்றும் நண்பர் ஒருவர் கொடுத்த நூலில் ஜூலியின் படத்தைக் கண்டோம். தொட்டியில் உள்ளவை அதனைப் போன்றன; ஆனால் அதுவல்ல.

கோரிடோரஸ் என்பது தென்னமெரிக்கக் கெளிற்றுக் கூட்டத்தின் பெயர். உடலின் இருபுறமும் ஓடுவேய்ந்தாற்போல ஈரடுக்கு எலும்புத் தகடுகள் பொருந்தியிருத்தலின், தலைக்கவசம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1803-இல் இப்பெயர் அமைந்தது. இக்கூட்டத்துள் ஜூலி என்பது பிரேசில் நாட்டின் வடகிழக்கில் பர்னைபா ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. 1906-இல் இசுட்டைன்டாக்னர் விவரித்தது. மற்றொன்று 'டிரைலினியாட்டஸ்'; மூன்று கோடுடையது என்பது பொருள். மூவரி என யாம் தமிழில் அழைத்துக்கொள்கிறோம். இது பெரு நாட்டு அமேசான் பகுதியினது. 1872-இல் கோப் என்னும் அமெரிக்கர் விவரித்தது. இரண்டும் ஒரே ஆற்றின அல்ல. ஆயினும் கடைத்தெருவில் இரண்டும் ஜூலியே. இன்னும் சரியாகச் சொன்னால், உண்மை ஜூலி கடைக்கு வருதல் அரிது. ஜூலி என்ற பெயரில் வருவன பெரும்பாலும் மூவரிகளே. உலகெங்கும் இதுதான் நிலை. ஒரு கடைக்காரரைக் குறை கூறுவதில் பயனில்லை.

வேறுபாடு எங்கே உள்ளது? தலையில். ஜூலியின் தலைமேல் உள்ள புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், கடுகு தூவினாற்போலத் தனித்தனியே நிற்கும். மூவரியின் தலையிலோ புள்ளிகள் நீண்டு, வளைந்து, ஒன்றோடொன்று கோத்து, வழி தெரியாத தெருக்கள் போலக் கோடுகளாகிவிடும். உடலின் நடுவே ஓடும் கரிய கோடும் மூவரியில் தடித்துத் தோன்றும். 'லியோபார்டஸ்' என்றொரு மூன்றாவதும் உண்டு. அதன் மோவாய் நீண்டது.

இவ்விடத்தில் ஒரு சிக்கல் எழுகிறது. மூவரியின் குஞ்சுகளுக்கும் தொடக்கத்தில் தலையில் புள்ளிகளே இருக்கும். வளர வளரத்தான் அவை கோடாகும். வளர்ந்த மூவரிகளிலும் சிலவற்றின் தலை புள்ளியாகவே நின்றுவிடுதல் உண்டு. ஆகவே சிறிய மீனைக் கண்ட மாத்திரத்தில் 'இது ஜூலிதான்' என்று அடித்துக் கூறுவாரை நம்ப வேண்டா. காத்திருந்து பார்த்தல் ஒன்றே வழி. எம் தொட்டியின் ஆறனுள் நான்கின் தலையில் கோடுகள் தெளிவாகவே இருந்தன. மற்ற இரண்டும் ஐயத்திற்கிடமாகி, எட்டுத் திங்கள் கழிந்தபின் அவையும் மூவரியாயின.

இதற்கிடையே, 2024-இல் வெளிவந்த பேராய்வொன்று கோரிடோரஸ் என்னும் பெருங்கூட்டத்தையே பல பேரினங்களாகப் பிரித்துவிட்டது. ஜூலியும் மூவரியும் இப்போது 'ஹோப்லிசோமா' என்னும் பேரினத்தின. அறிவியற் பெயர் மாறாதது என்று எண்ணியிருந்த எமக்கு இது வியப்பளித்தது. ஒரு மீனுக்கு ஒரே காலத்தில் கடைப்பெயரொன்று, பழைய நூற்பெயரொன்று, புதிய நூற்பெயரொன்று என மூன்று வழங்குமாயின், சூடாமணி நிகண்டை நாம் ஏன் குறை கூற வேண்டும்?

பெயர் எதுவாயினும் மீனுக்கு நீர் வேண்டும். தென்காசியில் இருவகை நீர் உண்டு. குற்றால மலையிலிருந்து இறங்கும் ஆற்றுநீர் மென்மையானது. சவர்க்காரம் எளிதில் நுரைக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் பல தெருக்களில் உப்பு மிகுந்து, கண்ணாடியில் வெண்படலம் படியச் செய்யும். மூவரிக்கு மென்னீரே ஏற்றது. குழாய்நீராயின் குளோரின் கலந்திருத்தலின், அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்து ஊற்றுகிறோம்.

தரைக்கு இட வேண்டிய மணலே அதனினும் முக்கியம். இம்மீன்கள் நாள் முழுதும் மீசையால் மணலைத் துழாவி உண்பன. மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே கழிப்பன. ஆற்று மணல் அரிதாகிவிட்ட இக்காலத்தில், கட்டடத்திற்கு வாங்கிய எம் சாண்ட் மிச்சமிருக்கிறதே என்று அதனைத் தொட்டியில் இடுவோர் உளர். பாறையை உடைத்த துகள் அது. ஒவ்வொரு பருக்கையும் கூரியது. சில வாரங்களில் மீசை தேய்ந்து புண்ணாகும். உருண்டு மழுங்கிய நுண்மணலே வேண்டும். பழைய வீடு இடித்த இடத்தில் கிடந்த ஆற்றுமணல் ஒரு வாளியைச் சலித்து, பத்துமுறை அலசி இட்டோம். பத்து என்பது மிகையன்று.

இவை தனித்து வாழா. ஆறேனும் கூடியிருத்தல் வேண்டும். அடியில் அமிழும் உணவே இட வேண்டும். மேலே மிதப்பதை மற்ற மீன்கள் தின்றுவிட, 'மிச்சத்தை அது பொறுக்கிக்கொள்ளும்' என்று கெளிற்றைப் பட்டினி போடுதல் கொடுமை. கோடையில் மின்தடை ஏற்பட்டுக் காற்றுக்கருவி நின்றபோது இவை விர்ரென மேலெழுந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கி மீண்டும் அடியில் அமர்வதைக் கண்டோம். விழுங்கிய காற்றிலிருந்து குடலின் வழியே உயிர்வளியைப் பெறும் ஆற்றல் இவற்றிற்கு உண்டு. ஆயினும் சித்திரை வெயில் கடிது. புள்ளிக் கோரிகளுள் மலிவானதும் எங்கும் கிடைப்பதுமான 'பேலியாட்டஸ்' குளிர்நீர் விரும்புவது. சார்லசு டார்வின் பீகிள் கப்பற் பயணத்தில் திரட்டிய மீன்களுள் ஒன்று அது. 1842-இல் பெயர் பெற்றது. அதனையும் மூவரியையும் 'புள்ளி கோரி' என்று ஒரே பெயரில் விற்பதனால், மூவரி தாங்கும் வெப்பத்தைத் தாங்காமல் பேலியாட்டஸ் முதலில் மடிகிறது. வாங்கியவர் 'இந்த மீனே இப்படித்தான்' என்று தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுகிறார். பெயர் மயக்கத்தால் வரும் முதல் ஊறு இது.

ஆனித் திங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேல்காற்று புகுந்து சாரல் பொழியும்போது எம் தொட்டியிலும் ஒரு மாற்றம். வான் குளிர்ந்து, யாமும் குளிர்ந்த நீரை மாற்றி ஊற்றிய மறுநாள் விடியலில், பெண்மீன்கள் அடித்துடுப்புகளைக் கூப்பிய கைபோலக் குவித்து, அதனுள் இரண்டு மூன்று முட்டைகளை ஏந்திச் சென்று கண்ணாடியில் ஒட்டின. மழைக்காலம் வந்ததென்று அவை கொண்டன போலும். அமேசானத்து மீன் குற்றாலச் சாரலை மழையென நம்பிற்று என்பதில் எமக்கு ஊர்ப்பெருமையும் சிறிது உண்டு. முட்டைகளைத் தாயும் தந்தையுமே தின்றுவிடுமாதலின், ஒரு பழைய ஏ.டி.எம். அட்டையால் மெல்லச் சுரண்டி வேறு பாத்திரத்தில் இட்டோம். நான்காம் நாள் பொரிந்தன. பிழைத்த பதினொன்றின் தலைகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குவதே அவ்வாண்டு விடைத்தாள் திருத்தும் பணிக்கிடையே எம் ஓய்வாயிற்று. முதலில் புள்ளி, பின்னர்ப் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே மங்கிய பாலம், பின்னர்க் கோடு. நூலில் ஒரு வரியாகப் படித்ததனைப் பதினொரு தலைகளில் கண்டோம்.

கடல்கடந்த மீனைப் பற்றியே பேசுகிறீரே, நம் பக்கத்தில் புள்ளிக் கெளிறு இல்லையா என்று கேட்கலாம். உண்டு, மலைக்கு அப்பால் உண்டு. ஆரியங்காவு தாண்டினால் கேரள ஆறுகள். அங்குள்ள மஞ்சக்கூரி என்னும் பொன்னிறக் கெளிற்றின் தோளில், செவுளை அடுத்து, மஞ்சள் விளிம்பிட்ட பெரிய கரும்புள்ளி ஒன்றுண்டு. 'ஹொராபாக்ரஸ் பிராக்கிசோமா' என்பது அதன் நூற்பெயர். இந்திய மீனியலின் பேராசான் சுந்தர்லால் ஹோராவின் பெயரால் 1955-இல் ஜெயராம் அமைத்த பேரினம் இது. நெடுங்காலம் இதில் ஓரினமே அறியப்பட்டிருந்தது. 1994-இல் இலங்கையின் ரோகன் பெத்தியாகொடவும் சுவிட்சர்லாந்தின் கொட்டெலாட்டும் சாலக்குடியாற்று மீன்களை நோக்கி, அவற்றின் இருதோட் புள்ளிகளும் பிடரி வழியே ஒரு கருப்பட்டையால் இணைந்திருத்தலைக் கண்டு, 'நைக்ரிகாலாரிஸ்', அதாவது கருங்கழுத்துப் பட்டையுடையது, என வேறினமாகப் பெயரிட்டனர். தோளை மட்டும் நோக்கினார்க்கு ஓரினம்; பிடரியை நோக்கினார்க்கு ஈரினம். இரண்டும் வண்ணமீன் வாணிகத்தில் பிடிக்கப்படுவன. பன்னாட்டுச் செம்பட்டியலில் முன்னது ஊறுபடத்தக்கது என்றும், பின்னது அழியும் இடருடையது என்றும் குறிக்கப்பட்டுள்ளன. இரண்டையும் ஒரே பெயரில் பிடித்து ஒரே பெயரில் விற்றால், அரியதன் எண்ணிக்கை குறைவது எவர் கணக்கிலும் ஏறாது. பெயரில்லாத இழப்பு இழப்பாகவே தோன்றுவதில்லை. புனலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் இல்லத்தில் மஞ்சக்கூரியைப் பார்த்தோம். ஒன்றரை அடி வரை வளர்வது. சிறு தொட்டிக்கு உரியதன்று. விலைக்குத் தருவதாகச் சொன்னார். வேண்டா என்று வந்துவிட்டோம்.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, யாம் இக்கட்டுரை எழுதத் துணிந்தது மற்றொரு புள்ளிக் கெளிற்றின் பொருட்டு. வண்ணமீன் கடை எதிலும் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு தொங்கும் ஒரு கருமீனைக் காண்பீர்கள். 'டேங்க் கிளீனர்' என்பர்; 'சக்கர்' என்றும் கூறுவர். இரண்டங்குலக் குஞ்சு சிறுதொகைக்குக் கிடைக்கும். பாசியைத் தின்று தொட்டியைத் தூய்மை செய்யும் என்பது கடைவழக்கு. காரணப்பெயர் போலத் தோன்றும் பொய்ப்பெயர் அது. பாசி தின்பது உண்மை. தின்றதனைப் போலப் பன்மடங்கு கழிவிட்டுத் தொட்டியைக் கலக்குவதும் உண்மை. 1758-இல் லின்னேயசு பெயரிட்ட 'பிளக்கோஸ்டோமஸ்' என்னும் மீனின் பெயரால் இது விற்கப்பட்டாலும், உண்மையில் இது 'டெரிகோப்லிக்திஸ்' என்னும் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. முதுகுத் துடுப்பை விரித்து, முதல் முள்ளை விடுத்துக் கதிர்களை எண்ணுக. ஏழெனில் பழைய பெயருக்குரியதோ, மோவாயில் கொம்பு மயிர் முளைக்கும் 'ஆன்சிஸ்ட்ரஸ்' என்னும் சிறு கெளிறோ ஆகலாம். இச்சிறு கெளிறு அரை அடியைத் தாண்டாது. பத்தோ அதற்கு மேலோ எனில் அது பாய்மரத் துடுப்புடைய பெருமீன். ஒன்றரை அடிக்கு வளரும். பத்தாண்டிற்கு மேலும் வாழும். கடைவாசலில் நின்று ஏழா பத்தா என்று எண்ணிப் பார்க்க அரை நிமிடம் போதும். எண்ணாமல் வாங்கியதன் விளைவு நாலைந்தாண்டு கழித்துத் தெரியும்.

அவ்விளைவு எம் மைத்துனர் இல்லத்தில் தெரிந்தது. பிள்ளைகளுக்காக வாங்கிய குஞ்சு வளர்ந்து, மூன்றடித் தொட்டியில் திரும்ப இடமின்றி நின்றது. ஒருநாள் மாலை பெரிய வாளியை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தார். எங்கே என்று வினவினோம்.

"குளத்துக்குத்தான் மச்சான். வாயில்லாச் சீவன், கொல்ல மனசு வரல. குளத்துல விட்டா அது பாட்டுக்குப் பிழைச்சுக்கும்."

"பிழைச்சுக்கும் மச்சான். அதுதான் பயம்" என்றோம்.

அவர் இரக்கத்தை யாம் இகழவில்லை. ஆயினும் அந்த இரக்கம் எத்திசையில் செல்கிறது என்று எண்ண வேண்டும். இம்மீன் இரைப்பையாலும் காற்றை உயிர்க்க வல்லது. குளம் சேறாகும் பங்குனி சித்திரையிலும் சாவதில்லை. மேனியெல்லாம் எலும்புத் தகடு, துடுப்பெல்லாம் முள். கொக்கும் நாரையும் இதனை விழுங்கல் அரிது. இனப்பெருக்கத்திற்குக் கரையில் வளை குடையும், மண்கரை அரிக்கும். வலையில் சிக்கினால் வலைதான் கிழியும். மெக்சிகோ நாட்டின் இன்ஃபியர்னில்லோ நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடித்து வாழ்ந்த மீனவர் வலைகளில், சில ஆண்டுகளில் இதுவே மிகுந்து, அவர்தம் தொழில் நொடிந்தது. நம் நாட்டிலும் கேரளம், ஆந்திரம், மேற்கு வங்கம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் இது பரவியுள்ளது. எவரும் பகைமையால் விட்டதன்று. எம் மைத்துனரைப் போல, கொல்ல மனமின்றி விட்டவையே பல.

தென்காசிக் குளங்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. சிற்றாற்று அணைகளிலிருந்து கால் பிரிந்து, ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்த குளத்திற்குச் செல்லும். மிஞ்சிய நீர் மீண்டும் ஆற்றில் சேரும். அச்சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கிறது. அவ்விடமே முக்கூடல். பள்ளு நூல் பாடம் நடத்திய எவர்க்கும், ஆற்றில் வெள்ளம் வரும்போது மீன்களின் பெயர்களை அந்நூலாசிரியர் வரிசையாக அடுக்கிச் செல்லுதல் நினைவிருக்கும். மாணவர் அப்பகுதியைத் தாண்டிச் சென்றுவிடுவர். தேர்வில் வாராது என்பர். அந்த ஆற்றின் மீன்களுக்குக் கிடைத்த பழம்பட்டியல் அது. அதில் உள்ள பெயர்களுள் எத்தனைக்கு இன்று நம் பிள்ளைகள் மீனைக் காட்ட முடியும் என்னும் வினாவே எம்மை வருத்தும்போது, மறுகால் வழியே ஒரு புதுப்பெயரை அனுப்பி வைக்க எமக்கு உடன்பாடில்லை.

மைத்துனரிடம் இவ்வளவும் கூறவில்லை. "ஊர்க் குளத்தில் மீன் குத்தகை எடுத்தவர் வலைக்கு யார் பணம் தருவார்?" என்று மட்டும் கேட்டோம். அவர் வணிகர், உடனே புரிந்துகொண்டார். வாங்கிய கடையில் திருப்பிக் கேட்டார், இடமில்லை என்றனர். இறுதியில் அவ்வாளி எம் இல்லத்திற்கு வந்தது.

ஈரத்துணியில் கிடத்திக் கதிர்களை எண்ணினோம், பன்னிரண்டு. ஐயமில்லை. இப்பேரினத்துள் எவ்வினம் என்று அறிய அடிவயிற்றை நோக்க வேண்டும். வெளிறிய வயிற்றில் கரும்புள்ளிகள் தனித்தனியே நின்றால் 'பார்டாலிஸ்'. 1855-இல் பெயர் பெற்றது. புள்ளிகள் புழுப்போல நெளிந்து ஒன்றோடொன்று கூடினால் 'டிஸ்ஜங்டிவஸ்'. 1991-இல் பெயர் பெற்றது. எம்மிடம் வந்ததன் வயிறு மார்புப் பக்கம் புள்ளியாகவும் வால் பக்கம் நெளிவரியாகவும் இருந்தது. அயல்நாடுகளில் குடியேறிய இம்மீன்களுள் இத்தகைய இடைநிலை வயிறுகள் மிகுதி. இரண்டும் கலந்த வழித்தோன்றல்கள் எனக் கருதுவர். ஜூலியும் மூவரியும் தலையைக் காட்டி விடை தந்தன; இது விடை தரவில்லை. கடைக்குப் போகும் முன்பே, பண்ணைக் குட்டையிலேயே, பெயர் கலந்துவிட்டது. மைத்துனர் அருகிருந்து, "அப்ப இதுக்குப் பேரு என்ன மச்சான்?" என்றார். "சக்கர்னே இருக்கட்டும்" என்றோம்.

மாடியில், முன்பு வீடு கட்டியபோது நீர் தேக்கிய சிமெண்டுத் தொட்டி ஒன்று பயனின்றிக் கிடந்தது. புதுச் சிமெண்டாயின் சுண்ணம் கசியும். இது பல மழை கண்டது. ஐந்நூறு லிட்டர் கொள்ளும். மேலே பாதிக்குத் தென்னங்கீற்று வேய்ந்து, மூலையில் உடைந்த மண்குழாய் ஒன்றைக் குகையாக வைத்து, கடிப்பதற்கு நீரில் ஊறிய கட்டையொன்றையும் இட்டு அங்கு விட்டோம். மழையில் நீர் வழிந்து வாய்க்காலுக்கு மீனும் போய்விடாதபடி விளிம்பிற்குக் கீழே வலைக்கம்பி போர்த்தினோம். முதல் வாரம் குகையை விட்டு வரவில்லை. பின்னர் இரவில் வெளிவந்து, கல் கட்டி அமிழ்த்திய சுரைக்காய்த் துண்டைப் பொழுது விடிவதற்குள் தோலாக்கி வைத்தது. பூசணியும் தின்னும்; வெள்ளரியை அத்துணை விரும்பாது. வாரம் ஒருமுறை பாதி நீரை மாற்றாவிடின் மணம் வீசும்.

இச்செய்தி வகுப்பில் பரவியது. கடந்த சாரற் பருவத்தில் மாணவர் நால்வர் கடையில் நின்று, "அண்ணாச்சி, துடுப்பை விரிச்சுக் காட்டுங்க, எண்ணணும்" என்று கேட்டனராம். கடைக்காரர் எம்மைக் கண்டபோது, "ஐயா, உங்க பசங்க மீனு வாங்க வர்றாங்களா, கணக்குப் பாடம் படிக்க வர்றாங்களா?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் சற்றுச் சினமும் இருந்தது. ஆயினும் அத்தொட்டியின்மேல் இப்போது 'சக்கர், ஒன்றரை அடி வளரும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். ஜூலியின் சீட்டு மட்டும் மாறவில்லை. மூவரி என்று எழுதினால் எவர் வாங்குவார் என்பது அவர் வினா.

மைத்துனர் வெள்ளிதோறும் கடையில் விற்காமல் நின்ற சுரைக்காயைக் கொண்டுவந்து, மாடியேறி, சற்றுநேரம் குகை வாசலை நோக்கி நின்று செல்கிறார். சென்ற திங்கள் நாடாவால் அளந்தபோது மீன் 43 செ.மீ. இருந்தது. மாற்றும் பழைய நீரைத் தென்னைக்கே ஊற்றுகிறோம், வாய்க்காலில் விடுவதில்லை.